கமராவின் இடது ஓரத்தால் போனவர்கள்

சாம்பவி எடுத்த படத்தில் முதலாவதாகக் காணாமற்போனவர் பெர்னார். பேட்டி முடிந்ததும் நாற்காலியை விட்டெழுந்து, கமரா பார்க்கும் சட்டத்தின் இடது ஓரத்தால் வெளியே நடந்தார். ஓரத்துக்கு அந்தப் பக்கம் வந்து சேரவில்லை. அந்தப் பக்கத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்ற றொஜர், பெர்னாருக்கு வழிவிடுவதற்காக வயிற்றை எக்கிக்கொண்டு சற்று நேரம் பார்த்தான், பிறகு வயிற்றை விட்டுவிட்டான். அன்றைக்குப் பாரிசின் தமிழ்க் கடைத் தெருவான ரூ காயில் முருங்கைக்காய்க் கட்டு நாலு யூரோ, வெயில் சுமார், லாச்சப்பல் மெத்ரோ வாசலில் வழக்கமான சனம். பொலிசுக்குச் சொல்லப்பட்டது. வயது வந்த ஒருவர் விரும்பினால் எந்தப் பக்கத்தாலும் போகலாம், அதற்கு இந்த நாட்டில் உரிமை உண்டு என்று பொலிஸ் சொன்னது. இடது பக்கம் என்று சாம்பவி அழுத்திச் சொன்னாள். இடது பக்கத்தாலும் போகலாம் என்றார்கள்.

பெர்னாரின் தாய் யப்பான்காரி, தகப்பன் பிரெஞ்சுக்காரர். சாம்பவியின் படமே இப்படிப் பாதி யப்பானாகவும் பாதி வேறொன்றாகவும் பாரிசில் வளர்ந்தவர்களைப் பற்றியதுதான். தயாரிப்பாளர் கிடையாது, உதவித்தொகை கிடையாது. யாரோ பாவித்துக் கழித்த கமரா ஒன்று, ஒரு கால் ஆடும் முக்காலி, ஒலிக்குப் புதுச்சேரி சிசிலியா அம்மாளின் மகன் றொஜர். சாம்பவியும் பாதிதான். தகப்பன் குலசேகரம் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்க்காரர், முப்பது வருடமாக ஒப்பேராப் பக்கத்தில் ஒரு யப்பான் சாப்பாட்டுக் கடையில் மீன் வெட்டுகிறார். பாரிசில் யப்பான் கடைக் குசினிக்குள் யப்பான்காரரைக் காண்பது சிவராத்திரிக்கு நித்திரை கொள்கிற ஐயரைக் காண்பது போல; உள்ளே நிற்பது சண்டிலிப்பாய், இல்லாவிட்டால் புங்குடுதீவு. அந்தக் கடைக்கு, யப்பானில் நீகாட்டா என்ற பனி கொட்டும் ஊரிலிருந்து படிக்க வந்த சிஹாரு ஒருநாள் சாப்பிடப் போனார். சோறு குழைந்துவிட்டது என்று முறையிட்டார். அடுத்த வாரமும் போய் முறையிட்டார். மூன்றாவது முறைப்பாட்டுக்குப் பிறகு இருவரும் கலியாணம் முடித்துக்கொண்டார்கள். தெருவுக்குச் சிஹாரு என்ற பெயரில் ஓர் எழுத்து அதிகமாகப்பட்டதால் முதலிரண்டையும் ஒன்றாக்கிச் சாரு அக்கா என்று கூப்பிட்டது. அவருடைய யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டுக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் வெட்கப்பட்டுப் பிரெஞ்சுக்கு மாறினார்கள்.

பெர்னாருக்குப் பிறகு, புறநகர் ஸ்தேனில் பேட்டி கொடுத்த ஒரு பல் வைத்தியர் போனார். பிறகு திரான்சியில் ஒரு சோடி இரட்டையர். ஒருவர் போன ஓரத்தால் மற்றவர் தேடிக்கொண்டு போனார், அவரையும் காணவில்லை. அதோடு லாச்சப்பலைப் பயம் பிடித்தது. கமராவுக்கு மட்டுமல்ல, சட்டம் போட்ட எதற்கும் பயந்தார்கள். கதவு நிலையைத் தாண்டுமுன் கையை விட்டுப் பார்த்தார்கள். சேலைக் கடைகளில் கண்ணாடிகளுக்குத் துணி போட்டு மூடினார்கள். கலியாண வீடியோக்காரரின் கதை இன்னும் மோசம்: இரண்டு தம்பதிகள் சட்டத்தை விட்டு நகர மாட்டோம் என்று மண்டபத்தின் நடுவில் நின்றே குடித்தனம் தொடங்கிவிட்டதாகக் கேள்வி, அதில் ஒரு தம்பதிக்கு அங்கேயே பிள்ளையும் பிறந்ததாம். மெத்ரோ யன்னலோரம் இருக்க ஆளில்லாமல், சனம் நடுவில் நெரிந்து நின்றது. சாம்பவி குடும்பம் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மகாலிங்கம், மாலை போட்டு மாட்டியிருந்த தன் தகப்பனின் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி வெறும் தாளாகச் சுவரில் ஒட்டினார். “அப்பா ஒருக்காப் போனதே போதும்” என்றார். சாம்பவி முக்காலியோடு படியிறங்கினால் அவர் வாசலுக்கே வந்துவிடுவார்.

“பிள்ளை, உந்தக் கமராவை என்ரை கடைப் பக்கம் திருப்பாதை. ஒரு வாழைக்குலை இடப் பக்கமாப் போனாலும் நீதான் பொறுப்பு.”

சாம்பவிக்கே பயத்தில் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கமராவை நிறுத்த மனம் வரவில்லை. நிறுத்தினால், போனவர்கள் போனவர்களாகவே ஆகிவிடுவார்கள். அதோடு எல்லோரும் போகவில்லை. அதே ஓரத்தால் வெளியேறிய சிலர் சுகமாக வந்து சேர்ந்து, றொஜரின் காலை மிதித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். எதனால் சிலர், எதனால் சிலரில்லை? பதிவுகளைத் திருப்பித் திருப்பிக் கேட்ட றொஜர் முதலில் கண்டுபிடித்தது, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும் ஒன்றை. பெர்னார் மறைந்த பிறகும் அவருடைய காலடிச் சத்தம் பதிவில் நிற்கவில்லை. மரத் தரையில் தொடங்கிய அடிகள், கொஞ்சத் தூரத்தில் சரளைக் கல்லில் விழுந்தன, பிறகு பனியில், மெல்ல மெல்ல மங்கி எங்கோ போய்க்கொண்டே இருந்தன. எல்லாப் பதிவிலும் அப்படித்தான். றொஜர் காதிலிருந்து கழற்றிய ஒலிச்சாதனத்தை ஒரு பாம்பை வைப்பதுபோல மேசையில் வைத்தான்.

இரண்டாவது கண்டுபிடிப்பு சாரு அக்காவினுடையது. மறைந்தவர்கள் எல்லோரும் எழும்பும்போது ஏதோ ஒரு மொழியில் “போறன்” என்று சொல்லியிருந்தார்கள். தப்பியவர்கள் எல்லோரும் யப்பான் மொழியில் “இத்தெகிமாஸ்” என்று சொல்லியிருந்தார்கள். தாய்மாரிடம் பழகிய பழக்கம். இத்தெ என்றால் போயிட்டு. கிமாஸ் என்றால் வாறன். சாரு அக்கா சிரித்தார்.

“பாத்தியோ பிள்ளை? என்ரை ஊரிலையும் அப்பான்ரை ஊரிலையும் ஆரும் போறன் எண்டு சொல்லுறேல்லை. சொன்னால் அப்பிடியே போயிடுவினம். இது தெரியாமலே இவ்வளவு படிச்சனி?”

காரணம் பிடிபட்டதும் சாம்பவிக்குத் தைரியம் வந்தது. பயந்தவருக்கு வரும் தைரியத்தைப் போல ஆபத்தானது வேறில்லை. படத்தின் கடைசிக் காட்சி தன் தாயுடையதுதான் என்று முன்பே தீர்மானித்திருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை குசினியில் முக்காலியை நிறுத்தினாள். தகப்பன் கடை மூடி விடியப்புறம் வந்து அறைக்குள் நித்திரை. றொஜருக்கு மட்டும் ஒரு கட்டளை: வாயைத் திறக்கக் கூடாது, மூச்சுக்கூட மெல்ல விட வேண்டும்; இவ்வளவு நாளும் ஒவ்வொரு நல்ல காட்சியின் முடிவிலும் அவன் என்னவோ முணுமுணுத்து ஒலியைக் கெடுத்துக்கொண்டிருந்தான். பிறகு கமராவுக்குப் பின்னால் நின்று, தாயிடம் எப்போதும் பேசும் பிரெஞ்சில், எனக்கு நீங்கள் தந்தது என்ன என்று கேட்டாள்.

சாரு அக்கா தன் முகவாயைத் தொட்டுக் காட்டினார். “நாடி என்ரை. சோறு குழைஞ்சால் வாற விசரும் என்ரை. அந்தப் பிடிவாதம் அப்பான்ரை, வேண்டாமெண்டால் அவரிட்டையே திருப்பிக் குடு.” பிறகு ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார். ஓரத்துக்குப் போய் நின்று, வலு கவனமாக, “இத்தெகிமாஸ்” என்றார். ஒன்றுக்கு இரண்டு காவலாக, “போயிட்டு வாறன்” என்றும் சொன்னார். யாராவது ஏதாவது சொல்வார்களோ என்பதுபோல ஒரு கணம் நின்றார். றொஜர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். சாரு அக்கா இடது காலை எடுத்து வைத்தார்.

றொஜர் நின்ற இடத்துக்குக் குளிர் மட்டும் வந்தது.

சாம்பவி முதலில் கத்தவில்லை. சட்டத்துக்குள் ஓடிப் பார்த்தாள், வெளியே வந்து பார்த்தாள், குளிர்ப்பெட்டியைத் திறந்தும் பார்த்தாள். றொஜர் ஒலிச்சாதனத்தைக் காதோடு அழுத்தினான். அவன் காதுக்குள் அவருடைய செருப்புத் தட்டத் தொடங்கியிருந்தது: மரம், சரளை, பனி. “நான் பதில் சொல்லல” என்று அவன் அழத் தொடங்கினான். “எப்பவும் சொல்வேன். போயிட்டு வாங்கன்னு. வாய்க்குள்ளதான், ஆனா சொல்வேன். சொல்லாம விட்டா எங்கம்மா அறைவாங்க. நீங்கதான் பேசக் கூடாதுன்னுட்டீங்க.” அப்போதுதான் விளங்கியது. போயிட்டு வாறன் என்பது முழுச் சொல் அல்ல. போகிறவர் சொல்வது ஒரு பாதி, நிற்கிறவர் சொல்வது மறு பாதி. தப்பியவர்களையெல்லாம் காப்பாற்றியது றொஜரின் முணுமுணுப்பு. சாம்பவி அதை ஒலிக்குறை என்று நினைத்து வெட்டி எறிந்துகொண்டிருந்தாள்.

றொஜர் ஒலிவாங்கிக்குள் “போயிட்டு வாங்கம்மா!” என்று கத்தினான். அடிகள் கொஞ்சம் தயங்கின, முன்பின் தெரியாதவர் மரியாதைக்குச் சொன்னதைக் கேட்டதுபோல, பிறகு நடந்தன. சாம்பவி கத்தினாள், பிரெஞ்சில் ஒருமுறை, நடுங்கும் தமிழில் ஒருமுறை. அடிகள் நின்றன. திரும்பவில்லை. மீண்டும் நடந்தன. அதற்கும் காரணம் இருந்தது, கட்டடம் முழுக்கத் தெரிந்த காரணம்: முப்பது வருடமாகச் சாரு அக்கா ஒவ்வொரு நாள் காலையும் வீட்டு வாசலில் நின்று இத்தெகிமாஸ் என்று சொல்லி, காத்திருந்து, உள்ளேயிருந்து சத்தம் வராததால் மறுமொழியையும் தானே மெல்லச் சொல்லிக்கொண்டுதான் படியிறங்குவார். மகள் காதில் பாட்டு. புருசன் குறட்டை. கலியாணம் முடித்த புதிதில் அவர் அந்த மறுமொழியைக் குலசேகரத்துக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். நாள் முழுக்கக் கடையில் யப்பான் மொழியில் கத்தினது காணாதோ, வீட்டிலையுமோ என்று அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ஒரே குரலுக்காக இவ்வளவு காலம் நின்று பழகிய கால்கள் வேறு குரலுக்குத் திரும்புமா?

குலசேகரத்தை எழுப்பவில்லை, இழுத்து வந்தார்கள். ஒரு கையில் அவிழ்ந்த சாரம், கண் இன்னும் பாதி மூடியபடி. நடந்ததை மகள் சொன்னாள், தமிழில். அவள் தன்னோடு தமிழில் பேசுவதைக் கேட்டதிலேயே அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“சொல்லுங்கோ அப்பா! அம்மா படிப்பிச்ச அந்த மறுமொழி!”

“என்னவோ ஒண்டு... இத்... ஐயோ பிள்ளை, வருகுதில்லையே.”

“ரொம்பத் தூரம் போயிட்டாங்க, ஐயா” என்றான் றொஜர். “காத்துதான் கேக்குது.”

குலசேகரம் ஒலிவாங்கிக்குக் கிட்டப் போனார். முப்பது வருடத்தில் அவர் எத்தனையோ இலட்சம் மீனுக்குப் பெயர் சொல்லியிருக்கிறார், இந்த ஒரு சொல்லை வைத்திருக்கவில்லை. அந்த நேரம் அவருக்கு ஞாபகம் வந்த யப்பான் சொல் ஒன்றே ஒன்று: கடைக்குள் ஆள் நுழைந்ததும் குசினியிலிருந்து எல்லோரும் சேர்ந்து கத்தும் “இரஷ்ஷாய்”. வாருங்கள் என்று அர்த்தம். வாயைத் திறந்தார். பயத்தில் முதலில் வந்தது தமிழ், அதன் பின்னால் பழக்கதோசத்தில் குசினி வந்தது.

“போயிட்டு இரஷ்ஷாய்!”

குசினித் தட்டுகள் அதிர்ந்தன. கீழே மகாலிங்கத்தின் கடையில் ஒரு மூட்டை உளுந்து தானாக அவிழ்ந்தது. கார் து நோர் நிலையத்திலிருந்து புறப்பட்ட ரயில் ஒன்று, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பின்னுக்கு வந்தது. அது தமிழும் அல்ல, யப்பானும் அல்ல. உலகத்தில் அதற்குமுன் யாரும் சொன்ன வசனமும் அல்ல. றொஜர் கையை உயர்த்தினான். காற்று. காற்று. பிறகு அவன் மிகவும் மெல்ல, “திரும்புறாங்க” என்றான்.

சாரு அக்கா வந்தது வலது ஓரத்தால், சுவரைத் தவிர வேறொன்றுமில்லாத பக்கத்தால். தோளில் பனி, உதடு நீலம், செருப்பு ஈரம். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதை வாங்கிக்கொண்டு, அவளுக்கு மேலால் புருசனைப் பார்த்தார்.

“இத்தெரஷ்ஷாய். எத்தினை தரம் சொல்லித் தந்தனான்? அரைவாசிதான் பாடமாக்கியிருக்கிறியள்.”

குலசேகரம் சாரத்தை இறுக்கிக் கட்டினார். “மற்ற அரைவாசி தமிழிலை என்னட்டை இருந்ததுதானே” என்றார்.

அதன்பிறகு கமராவை அந்தக் குசினியிலிருந்து எடுக்கவில்லை. காணாமற்போனவர்களின் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, சட்டத்துக்கு முன் நின்று, தங்களுக்குத் தெரிந்த மொழியில் கூப்பிட்டார்கள். இரட்டையர் யார் முதலில் தொலைந்தது என்று சண்டை பிடித்தபடி வந்து சேர்ந்தார்கள். பல் வைத்தியரை நோயாளிகள் ஒன்றுகூடி, அவ்வளவு விருப்பமில்லாமல், கூப்பிட்டு எடுத்தார்கள். பெர்னாருக்கு, பிரிந்துபோன மனைவி மட்டும்தான் இருந்தார். அவர் வந்தார், கமராவைப் பார்த்தார், கூப்பிடாமலே கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெர்னாரின் அடிகளை றொஜர் இப்போதும் சில வேளை கேட்பதாகச் சொல்கிறான். சாம்பவி இரவல் கமராவில் படத்தை முடித்தாள். முணுமுணுப்புகள் எதையும் வெட்டவில்லை.

அந்தப் பனி தன் ஊர்ப் பனிதான் என்று கண்டு, வழியும் தெரிந்துவிட்டதால் சாரு அக்கா இப்போது வாரத்துக்கு ஒருமுறை நீகாட்டாவுக்குப் போய்வருகிறார். காலையில் போய் மத்தியானம் மீனோடு வருவார். மீனில் பாதி மகாலிங்கத்தின் கடைக்கு. யூலை மாதத்தில் படிக்கட்டில் பனி உருகிக் கிடப்பதைத் துடைப்பது தன் வேலையல்ல என்று கட்டடம் துப்பரவு செய்யும் அஜந்தா சொல்கிறார், அதில் நியாயம் இருக்கிறது. குலசேகரம் அந்தக் காலைகளில் நித்திரை கொள்வதில்லை. எழும்பி, சுடுதண்ணி குடித்து, குரல் இருக்கிறதா என்று இரண்டுதரம் செருமிப் பார்த்து, கமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். பயம் அவரை விட்டுப் போகவில்லை, போகும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

போன மாரியில் ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டியது. சாரு அக்கா கோட்டுப் போட்டு, பையை எடுத்து, ஓரத்தில் நின்று தன் பாதியைச் சொன்னார். குலசேகரம் வாயைத் திறந்தார், காற்று வந்தது. மறுபடி திறந்தார். கண்ணால் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. மகளைக் கூப்பிடலாம், றொஜரைக் கூப்பிடலாம், மகாலிங்கம் கீழேதான் நின்றார். சாரு அக்கா ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார், கொத்தமல்லி அவிக்கத் தண்ணீர் வைத்தார். மகாலிங்கம் கடை வாசலில் மட்டை ஒன்றில் எழுதிக் கட்டினார்: இந்த வாரம் நீகாட்டா மீன் இல்லை, குலசேகரம் அண்ணைக்குத் தொண்டை. வாசித்தவர்கள் கீரிமீன் வாங்கினார்கள். சிலர் இஞ்சித் துண்டொன்றும் வாங்கி மேல்மாடிக்குக் கொடுத்தனுப்பினார்கள்.