கோடிச்சேலை

நீர்மாலைக் குடத்தைப் பந்தலுக்குள் இறக்கி வைக்கும்போதே பொன்னுச்சாமிக்குக் கண் எரிந்தது. அழுகை இல்லை, அவர் அழுகிற ஆளுமில்லை. மேற்கே ஐஸ் கம்பெனிப் பக்கமிருந்து அமோனியா நெடி முகத்தில் அடித்தது.

உள்ளே கூடத்தில் அவர் பெண்டாட்டி ராக்கு கிடந்தாள். விடியக்காலம் நெஞ்சு வலிக்குது என்று படுத்தவள்தான். தலைமாட்டில் விளக்கு. சுற்றிலும் பெண்கள் இருமிக்கொண்டே ஒப்பாரி வைத்தார்கள்.

பஞ்சாயத்து ஆட்டோ மைக்கில் கத்திக்கொண்டு வந்தது. கம்பெனியில் குழாய் வெடித்துவிட்டது, ஈரத்துணியால் மூக்கைப் பொத்துங்கள், நெருப்பை அணையுங்கள், காற்று போகிற திசையில் ஓடாமல் குறுக்கே வடக்காகப் போங்கள் என்றது. அந்த மைக்கை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. புயல் வருது என்று சொல்லும், வராது. குழாயில் தண்ணி வருது என்று சொல்லும், அதுவும் வராது. ஆனால் பந்தல் துணி கிழக்கே பார்த்துப் புடைத்து நின்றது. வேலியில் கட்டிய ஆடு மூக்கை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு மைக் பொய் சொல்லவில்லை.

ஒருத்தரும் நகரவில்லை. பிணத்தைத் தனியே போட்டுவிட்டு எழுந்து போவது அந்த ஊரில் வழக்கமில்லை. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் உட்கார்ந்தால் அத்தனை பேரும் உட்காருவார்கள், மாசமாயிருக்கிற மகள் யுவராணியும் சேர்த்து.

ராக்குவின் தம்பி சின்னச்சாமி, பிறந்த வீட்டுக் கோடிச்சேலையை மடியில் வைத்திருந்தான். "எல்லாரும் போங்க மச்சான். அக்காகூட நான் இருக்கேன்" என்றான்.

"செத்தவளுக்கு மூக்கு எரியாது மாப்ள. ஒனக்கு எரியும். எந்திரி."

சேலையைப் பிடுங்கி, ராக்குவைக் குளிப்பாட்டக் கொண்டுவந்த நீர்மாலைத் தண்ணீரிலேயே முக்கினார். பல்லால் கடித்துக் கிழித்தார். பிணத்துக்கு வந்த கோடியை உயிரோடிருக்கிறவர்கள் தொடுவதா என்று பெண்கள் பின்வாங்கினார்கள். முதல் கிழிசலைத் தன் மூக்கில் கட்டிக்கொண்டார். அடுத்ததை யுவராணி வாங்கினாள். அப்புறம் எல்லாக் கையும் நீண்டது.

விளக்கை விரலால் நசுக்கி அணைத்தார். கதவைச் சாத்தினார். ஆட்டை அவிழ்த்துவிட்டார். கோயிலைப் பார்த்துக் கிழக்கே ஓடப்போன சின்னச்சாமியைச் சட்டையைப் பிடித்திழுத்து வடக்கே திருப்பினார்.

கண்மாய்க்கரையில் நெடி இல்லை. எல்லாரும் அப்படியே சாய்ந்தார்கள். அவர் மட்டும் வீட்டைப் பார்த்து நின்றார். முகமூடியைக் கையில் பிடித்தபடி ஒரு தீயணைப்புக்காரன் வந்து, வீடுகளில் யாரும் பாக்கி இருக்கிறார்களா என்று கேட்டான்.

"பந்தல் போட்ட வீட்டுல ஒருத்தி இருக்கா" என்றார். "தூக்க வேணாம், காலையிலயே போய்ட்டா. போற போக்குல தலைய மட்டும் நீட்டிப் பாத்துட்டுப் போ தம்பி."

அவன் முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினான். பந்தலில் நின்றான். கதவைத் தள்ளி உள்ளே போனான். உடனே வரவில்லை. ராக்கு இப்போது தனியாக இல்லை.

பொன்னுச்சாமி அப்போதுதான் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.