நடுவில் நின்ற ஏழு

தங்கை கண்டுபிடித்த எண்ணைப் பற்றிப் பேச்சு வந்தாலே பெரியவளுக்கு வயிறு எரியும். இவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தங்கை கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள். மாதக்கணக்காக லேப் கம்ப்யூட்டர்களை ஓடவிட்டு, ஆயிரக்கணக்கான இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணைப் பிடித்துவிட்டாள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாது. போதாக்குறைக்கு முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றேதான். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, கணக்கில் புலி பெரியவள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்தோம் என்று பெரியவளிடமே ஆச்சரியப்பட்டாள்.

பாராட்டு விழாவுக்குப் பெரியவள் முன்கூட்டியே போய்விட்டாள். ஆசையால் அல்ல, ஏதாவது குறை கிடைக்காதா என்றுதான். மேடையில் பெரிய பேனர். மேலே பாதி எண், கீழே பாதி எண், பொடி எழுத்தில். மேல் பாதி ஏழில் முடிந்தது. கீழ்ப் பாதி ஏழில் ஆரம்பித்தது. இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒரே அளவு.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இரண்டு பாதியும் சமம் என்றால் மொத்த இலக்கங்கள் இரட்டைப்படை. அப்படி இருபுறமும் ஒன்றாகப் படிக்கிற எண்ணை எடுத்தால் பதினொன்றால் வகுபட்டே தீரும். 1221 ஆகட்டும், 4774 ஆகட்டும், வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். பதினொன்று ஒன்றுதான் அதில் தப்பிப் பிழைத்த பகா எண்.

தங்கை பக்கத்திலேயே நின்றிருந்தாள். காதோடு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அரங்கம் நிறையட்டும் என்று காத்திருந்தாள். கல்லூரி முதல்வர் பேசி முடித்து, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டதும் எழுந்துவிட்டாள்.

"இது பகா எண்ணே இல்ல. பதினொண்ணால வகுபடும்."

காரணத்தையும் நிறுத்தி நிதானமாக விளக்கினாள். தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்க்கப் பெரியவளுக்கு அத்தனை இதமாக இருந்தது.

தங்கை பேனருக்கு அருகே போய், இரண்டு பாதியும் சேருமிடத்தில் விரல் வைத்தாள். பிறகு சிரித்தாள். கடைசி வரிசையில் நின்ற பேனர்காரரைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"கீழ விட மேல ஒரு எண்ணு கூடுதலா இருந்துச்சு மேடம். பார்வைக்கு நல்லா இல்லையேன்னு அந்த ஏழக் கீழயும் ஒரு தடவ போட்டுட்டேன்."

அரங்கமே சிரித்தது. தன் அக்கா கண்ணில் எதுவும் தப்பாது, தனக்கே இது படவில்லை என்று தங்கை மைக்கில் சொல்ல, கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதல்வர் ஒரு துண்டு வெள்ளைத்தாளும் பசையும் தருவித்து, டீச்சரே மறைத்துவிடட்டும் என்றார்.

பெரியவள் மேடையேறி, அதிகப்படியான ஏழின் மேல் தாளை ஒட்டினாள். எண் மறுபடி பகா எண் ஆயிற்று. போட்டோக்காரர் சொன்னபடி தங்கை நெருங்கி வந்து தோளில் கை போட்டாள்.

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள், யாருக்கும் கேட்காமல்.

"இப்பதான் பாத்தேன்டி."

தாள் எப்போதோ நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. பெரியவள் திரும்பிப் பார்க்காமல் அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றாள்.