கத்திரிப்பூ நிறம்

1971 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. தாம்பரத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா இல்லை. தங்கை கிருபாவதி டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பும் வீட்டு வாடகையும் என் சம்பளத்தில்தான் நடந்தன. வேலை போனால் நாங்கள் இருவரும் நடுத்தெருவில். அந்த நினைப்பில்லாமல் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை.

முதலில் தொடையில் வலி. இரண்டு படி ஏறினால் யாரோ அடித்துப் போட்டாற்போல் இருந்தது. பிறகு தோள். கரும்பலகையின் மேல்பாதி எட்டாமல் போய், கீழ்ப்பாதியிலேயே எழுதி அழித்து எழுதினேன். தலை வாரக் கை எழும்பவில்லை. விடியற்காலையில் ரயிலுக்கு ஓடுமுன் கிருபாதான் பின்னிவிடுவாள். கோயிலில் முழங்காலிட்டால் எழுந்திருக்க முடியாது. எல்லோரும் எழுந்த பிறகும் பெஞ்சைப் பிடித்தபடி அப்படியே கிடப்பேன். பக்கத்திலிருந்தவர்கள், இவளுக்குத்தான் எவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

மார்க்கெட் பக்கம் இருந்த டாக்டரிடம் போனேன். தன் இரண்டு விரலை நீட்டி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவர் முகம் சுளித்தார். இவ்வளவு பலம் இருக்கிறவளுக்கு என்ன வியாதி என்று சிரித்துவிட்டு வாரம் ஒரு சத்து ஊசி எழுதினார். என் வியாதி விரலை விட்டுவிட்டுத் தோளிலும் தொடையிலும் உட்கார்ந்திருந்தது. கையைத் தலைக்கு மேலே தூக்கு என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். மனிதருக்கு அது தோன்றவில்லை. ஊசிக்கு மட்டும் குறைவில்லை.

ஆகஸ்டில் என் மேலிமை இரண்டும் நிறம் மாறின. அசல் கத்திரிப்பூ நிறம். விரல் முட்டிகளில் சிவப்பாகச் செதில் தட்டியது. முட்டியை யாரும் பார்க்கவில்லை. இமையை ஊரே பார்த்தது.

எங்கள் தலைமையாசிரியை ரத்தினபாய் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் ஒரேயடியாக வெறுத்துத் தலைமுழுகியிருப்பேன். ஏழைப் பிள்ளைகளுக்குத் தன் வீட்டில் சோறு போட்டுப் படிக்கவைத்தவர். ஆனால் அவர் கணக்கில் பவுடரிலிருந்து நரகத்துக்கு நேர் ரோடு. இரண்டு முறை கூப்பிட்டு ஜாடையாகச் சொன்னார். நான் பூசவில்லை என்றேன். மூன்றாவது முறை, செப்டம்பரில், ஆசிரியைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவச் சொன்னார்.

குனிந்து தண்ணீரை அள்ளினேன். கை முகம் வரைக்கும் வரவில்லை. பாதியிலேயே தண்ணீர் சிந்திவிட்டது. நான் அடம் பிடிப்பதாக அவருக்குத் தோன்றியது. துண்டை நனைத்து, சோப்புப் போட்டு, அவரே தேய்த்தார். இடது கையால் என் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு, பாத்திரம் துலக்குகிற மாதிரி தேய்த்தார். தடுக்கவேண்டும் என்று நினைத்தேன். கை எழும்பவில்லை. இமைத்தோல் உரிந்து ரத்தம் கசிந்த பிறகுதான் நிறுத்தினார். நிறம் போகவில்லை.

"ஃபாரின் சாயம் போலிருக்கு, கழுவினாலும் போகலை" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த அவமானத்தை இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. சாயம் பூசியதோடு பொய்யும் சொன்னேன் என்று எழுதி, அக்டோபரில் என்னைச் சஸ்பெண்ட் செய்தார்கள்.

வேலை இல்லாத வீட்டில் வியாதிக்கு நல்ல வசதி. டிசம்பருக்குள் பாயிலிருந்து எழக் கிருபா தூக்கிவிட வேண்டியதாயிற்று. கஞ்சி தொண்டையில் நின்றது. ஜனவரியில் அவள் காலேஜுக்கு லீவு போட்டு, தாம்பரம் ஸ்டேஷனில் முன்பின் தெரியாத இரண்டு காய்கறிக்காரிகளைக் கொண்டு என்னை ரயிலில் ஏற்றி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே டாக்டர் ராஜகோபால் என்று ஒருவர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் இமையைப் பார்த்தார். விரல் முட்டியைத் திருப்பிப் பார்த்தார். முக்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. கையைத் தூக்கச் சொன்னார். அதுவும் முடியவில்லை. உடனே மாணவர்களைக் கூப்பிட்டார். முப்பது பேர் வரிசையாக வந்து என் இமையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கூச்சமே இல்லை. நம்புகிறவர்கள் முப்பது பேர் கிடைத்துவிட்டார்கள் என்று சந்தோஷத்தில் அழுதேன்.

தசையிலும் தோலிலும் சேர்ந்து வருகிற அழற்சி, இந்த இமை நிறம்தான் அதற்கு அடையாளம் என்று அவர் விளக்கினார். ரத்தம் எடுத்தார்கள். தொடையிலிருந்து ஒரு துண்டுத் தசையை வெட்டிப் பார்த்து உறுதி செய்தார்கள். பிரெட்னிசோலோன் மாத்திரை ஆரம்பமாயிற்று. நிறம் வந்தபோதே வந்திருந்தால் முழுக்கச் சரியாகியிருக்கும், இப்போது செத்த தசை செத்ததுதான், மீதியைக் காப்பாற்றலாம் என்றார். நிறம் வந்தபோது நான் குழாயடியில் இருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரலில் நானாக எழுந்து நின்றேன். கை தோள் உயரம் வந்தது, அதற்கு மேல் இல்லை. இமை வெளுத்துவிட்டது. மாத்திரையால் முகம் பூசணிக்காயாக ஊதியது. பார்த்தவர்கள் எல்லாம், ஓய்வில் நன்றாகத் தேறிவிட்டீர்கள் என்றார்கள்.

மே மாதம் விசாரணை. பள்ளியின் கரஸ்பாண்டென்ட் லாசரஸ் மேஜைக்கு அந்தப் பக்கம், ரத்தினபாய் பக்கத்து நாற்காலியில். டாக்டர் கொடுத்த சர்டிஃபிகேட்டை நீட்டினேன். லாசரஸ் அதை இரண்டு முறை படித்தார். நியாயமான மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். படித்துவிட்டு அதை மடித்து என் பக்கமே தள்ளினார்.

"இதை நான் ஃபைல்ல வச்சா தசை வியாதின்னு ஆயிடும். அப்புறம் உடல் தகுதி இல்லைன்னு உங்களை அனுப்பணும், வேற வழியில்லை. சாயம்னா ஒரு மன்னிப்புக் கடிதம் போதும். ஜூன்ல வந்து சேர்ந்துடலாம்."

நான் உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

"நான் இல்லைன்னு சொல்லலையே, டீச்சர். வேலை வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க."

கிருபாவுக்குப் பரீட்சை முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. காகிதம் கேட்டேன். கண்ணிமையில் சாயம் பூசியதும், கேட்டபோது மறுத்ததும் என் குற்றம், இனிச் செய்யமாட்டேன் என்று எழுதினேன். ஒரு பிழை இல்லை.

லாசரஸ் படித்துப் பார்த்து, எங்கே வாங்கினேன் என்றும் ஒரு வரி வேண்டும், இல்லாவிட்டால் ஃபைல் குறையாகத் தெரியும் என்றார். யோசித்தேன். அப்படியொரு சாமானை எங்கே விற்பார்கள் என்றே எனக்குத் தெரியாது. ஸ்டேஷன் எதிரே ஒரு வளையல் கடை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரத்தினபாய் அதை வாங்கி அந்த வரியில் விரலை வைத்துப் படித்தார். எட்டு மாதமாக அவரை ஏதோ அரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். முகம் தெளிந்து, கண் கலங்கிவிட்டது.

"அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா, உன் மூஞ்சியை நான் அப்படித் தேய்ச்சிருக்கவே மாட்டேனே சௌந்தரி."

மன்னித்துவிடுங்கள் அம்மா என்றேன்.