மாமா மடி

ஏழு வயது முடிந்தும் தாமரைக்குக் காது குத்தவில்லை. நான்கு வருடமாகக் கிள்ளானில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் இருக்கிறாள். அவள் படிப்புச் செலவைப் பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் மூவர் ஏற்றிருந்தார்கள்: வங்கியில் வேலை செய்யும் ஜனகா, ரயில்வேயில் ஓய்வு பெற்ற சிவநேசன், பூக்கடை இராஜம்மா. மாதத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பார்ப்பார்கள்.

பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று அவள் சொன்னதும், "நகைக்கடையில மெஷின்ல அடிச்சிடலாம் லா, அஞ்சு நிமிஷ வேலை" என்றார் சிவநேசன்.

"மாட்டுக்கு டேக் அடிக்கிற மாதிரி பேசாதீங்கண்ணே. தாய்மாமன் மடியில வெச்சுத்தான் குத்தணும். ஹோம் பிள்ளைன்னா அதுகூட இல்லையா?" என்றாள் இராஜம்மா.

தேடினார்கள். செத்துப்போன தாய்க்கு ஒரு தம்பி இருந்தான். கமலநாதன், பூச்சோங்கில் லோரி ஓட்டுகிறான். மூன்று முறை போனை எடுக்கவில்லை. நான்காவது முறை, "வந்து உட்கார்ந்தா போதும் தம்பி, ஒரு மணி நேரம்தான்" என்று இராஜம்மா கெஞ்சியதில் ஒப்புக்கொண்டான். ஜனகா இல்லத்துக்குப் போன் செய்து, மாமா வருகிறார் என்று தாமரையிடம் சொன்னாள். பிள்ளை, "எந்த நாள் ஆன்டி?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவநேசன் அவளைக் கிள்ளானிலிருந்து கோயில் மண்டபத்துக்குக் காரில் அழைத்து வந்தார். புதுப்பாவாடை, முதுகில் ஜிப் மூட முடியாதபடி பிதுங்கிய பள்ளிப்பை. "இன்னைக்குமா ஹோம்வொர்க்?" என்றார். அவள் சிரித்துக்கொண்டாள்.

கமலநாதன் நேரத்துக்கு வந்துவிட்டான். மாடியில் பாயில் விறைப்பாக உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி முதல் காதைக் குத்தினார். சத்தமே இல்லை. இரண்டாவதற்குக் கண்ணில் நீர் வழிந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

"கெட்டிக்காரி" என்றார் ஆசாரி.

அவள் திரும்பி மாமாவின் முகத்தைப் பார்த்தாள். "நான் அழல மாமா. உங்க வீட்டுலயும் அழமாட்டேன். ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாவே போவேன்."

அவள் முதுகில் இருந்த அவன் கை விலகியது. மெதுவாக அவளைப் பாயில் இறக்கிவிட்டு, "காரை எடுத்துட்டு வரேம்மா" என்று படியிறங்கினான்.

ஜனகா பின்னாலேயே ஓடினாள்.

"இதுக்குத்தான் கூப்பிட்டீங்களாக்கா?"

"இல்ல தம்பி, சத்தியமா நாங்க அப்படி எதுவும் சொல்லல."

"ரெண்டு ரூம் ஃப்ளாட்டுல மூணு பிள்ளைங்க. ஷா ஆலமுக்கு லோடு ஏத்தப் போறேன்னு பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். தாமரைகிட்ட நீங்களே சொல்லிடுங்க, என்னால முடியாது."

கார் போய்விட்டது. ஜனகா அங்கேயே நின்று இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் வீரம்மாவைப் போனில் அழைத்தாள்.

"கிளம்பிட்டாளாம்மா? காலையில கலர் பென்சிலையெல்லாம் மத்த பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டா. தலையணையைக்கூடக் குடுத்துட்டா" என்றாள் வீரம்மா. "இங்க சொந்தக்காரங்க வந்தா கூட்டிட்டுப் போகத்தானே வருவாங்க? சும்மா பார்க்க யாரு வரா? பேப்பரெல்லாம் நீங்க முடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

இத்தனை ஞாயிறு போய்வந்தும் மூவருக்கும் இது தெரியவில்லை.

ஜனகா மேலே வந்தாள். இராஜம்மா இலை போட்டிருந்தாள். தாமரை சாப்பிட வராமல், வாசல் பக்கம் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

ஜனகா அவள் முன் மண்டியிட்டாள். "மாமா போயிட்டாருடா. நாம ஹோமுக்குப் போவோம்."

தாமரை படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு கண்ணைப் புறங்கையால் அவசரமாகத் துடைத்தாள்.

"ரெண்டாவது காதுக்குக் கண்ணுல கொஞ்சம் தண்ணி வந்துச்சு ஆன்டி. அதனாலயா?"