துளை வலது பக்கம்தான்

“இங்க போடுங்கம்மா” என்று பேராசிரியர் விரலால் தட்டிக் காட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வேறு போட்டிருந்தார். கையெழுத்து எங்கே போடுவதென்று எனக்குத் தெரியாதாம். பத்தொன்பது வருஷமாக இந்த ஆய்வுக்கூடத்தில் எலியின் மூளையை முடியைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுகிறவள் நான். காகிதத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். ‘ஆறு எலிகளின் மூளையில் அடையாளத் துளையை வலது பக்கத்துக்குப் பதிலாக இடது பக்கத்தில் தவறுதலாக இட்டுவிட்டேன். இப்படிக்கு, ஆய்வக உதவியாளர்.’ கை கூசாமல் இதை அவரே டைப் அடித்திருக்கிறார்.

விஷயம் இதுதான். எலியின் வலது கண்ணை எடுத்துவிட்டால் மூளையின் இடது பாதிக்குத்தான் சேதி நின்றுபோகும். நரம்பு குறுக்கே தாண்டிப் போகிறது. சேதி வராமல்போன அந்தப் பார்வைப் பகுதியில், நைட்ரிக் ஆக்சைடு என்கிற வாயுவை உண்டாக்கும் செல்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா? அதுதான் ஆராய்ச்சி. நான் சாயம் போட்டால் அந்தச் செல்கள் மட்டும் நீலமாகத் தெரியும். ஆனால் சீவிய பிறகு இரண்டு பாதியும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு சீவல் புரண்டு விழுந்தால் போச்சு, இடம் வலம் எவருக்கும் தெரியாது. அதனால் சீவும் முன்பே வலது பாதியில் முன்னிருந்து பின்வரை மெல்லிய ஊசி ஒன்றைச் செலுத்தி எடுத்துவிடுவேன். எந்தச் சீவலை எடுத்தாலும் துளை இருக்கிற பக்கம் வலது.

மொத்தம் இருபத்தெட்டு எலி. எல்லாவற்றுக்கும் வலது கண்ணைத்தான் எடுத்தது. இருபத்திரண்டில் இடது பாதியில் நீலம் குறைந்திருந்தது. பேராசிரியர் ஐந்து வருஷமாக மேடை மேடையாகச் சொல்லிவருவதும் அதைத்தான். மீதி ஆறில் அதே இடது பாதியில் நீலம் கூடியிருந்தது. துளை இடம் மாறிவிட்டது என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டால், இடது வலதாகிவிடும். அந்த ஆறும் நல்ல பிள்ளைகளாக மற்றவற்றோடு வந்து சேர்ந்துகொள்ளும். என் ஒரு கையெழுத்தில் இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு!

“அந்த ஆறையும் சீவின வாரம் உங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் இல்லையா? மனசு எங்கேயோ இருந்திருக்கும். யாரும் உங்கள ஒண்ணும் சொல்லப்போறதில்லம்மா” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாரம் நான் லீவு கேட்டபோது முடியவே முடியாது என்றவர் இவர்தான். ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து நேரே வந்து ஊசியைப் பிடித்தேன். அன்றைக்குத் தெரியாத என் மனசு இன்றைக்கு இவருக்குத் தெரிகிறது! நீலச் செல்களை எண்ணிய ஆராய்ச்சி மாணவி மூலையில் உட்கார்ந்து நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அவளுடைய பட்டமும் இதில்தான் இருக்கிறது, பாவம். நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன்.

“ஏன், நீ தப்பே பண்ணமாட்டியாக்கும்?” என்று சிரித்தார்.

“பண்ணுவேன். பண்ணினா நானே சொல்லிடுவேன்.”

“சரி, பண்ணினியா?”

அந்த வாரத்தில் என்ன சாப்பிட்டேன், எந்தப் புடவை கட்டினேன், ஒன்றுமே நினைவில்லை. கை பழக்கத்தில் ஓடியிருக்கும். பழகின கையும் தப்புமா? பத்தொன்பது வருஷக் கையை ஒரே நாளில் என்னையே சந்தேகப்பட வைத்துவிட்டாரே அந்த மனுஷர் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை துணியை உதறிக் காயப்போடும்போதுதான் பொறி தட்டியது. நாங்கள் சீவுவது மூளையின் பின்பாதியை மட்டும். மற்ற ஆய்வுக்கூடங்களில் மிச்சத்தை அன்றைக்கே கொட்டிவிடுவார்கள். ஒரு உயிரைக் கொன்று எடுத்ததை அப்படிக் கொட்ட எனக்கு மனசு வராது. எலியின் நம்பரை எழுதிப் புட்டியில் போட்டுவைப்பேன். முன்பாதியின் அடிப்பக்கத்தில் இரண்டு கண் நரம்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். கண் போன பக்கத்து நரம்பு வற்றி நூலாகியிருக்கும். மற்றது வெள்ளையாக, பருத்து இருக்கும். என் துளையும் அதே துண்டில்தான் இருக்கிறது. நான் ஒழுங்காகக் குத்தியிருந்தால் துளையும் வற்றிய நரம்பும் ஒரே பக்கம் இருந்தாக வேண்டும்.

யாரும் வருமுன் போய்ச் சேர்ந்தேன். முதல் புட்டியைத் திறந்து துண்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரே பக்கம். இரண்டாவது, ஒரே பக்கம். ஆறும் பார்த்தேன். ஆறிலும் ஒரே பக்கம்தான். அட பாவிகளா! அப்படியென்றால் அந்த ஆறு எலிகள் நிஜமாகவே வேறு எதையோ சொல்லியிருக்கின்றன. கேட்கத்தான் ஆளில்லை.

பத்து மணிக்கு ஆறு துண்டுகளையும் வெள்ளைத் தட்டில் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியோடு பேராசிரியர் மேஜையில் வைத்தேன்.

“இதெல்லாம் எதுக்கு இப்ப? கையெழுத்துப் போட்டாச்சா?”

“துளை எந்தப் பக்கம் இருக்கு, வத்தின நரம்பு எந்தப் பக்கம் இருக்குன்னு நீங்களே பாத்துடுங்க சார். அப்புறம் போடுறேன்.”

“நான் எதுக்கும்மா பாக்கணும்? எனக்குத் தெரியாததா?”

“தெரியாதுன்னுதானே சார் இருபத்தெட்டு எலியோட கண்ணை எடுத்தோம்?”

என் குரல் அவ்வளவு உயரும் என்று நானே நினைக்கவில்லை. அவர் முகம் சிவந்தது. காகிதத்தை என் பக்கம் தள்ளினார். தட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மூலையில் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. பாப்பா வந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பூதக்கண்ணாடியை எடுத்து முதல் துண்டின் மேல் குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஒரே பக்கம்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

“நீ போய் உன் வேலையப் பாரு” என்றார் பேராசிரியர்.

அவள் நிமிரவில்லை. முன்னால் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, இடுக்கியால் இரண்டாவது துண்டை மெதுவாக, உடைந்துவிடாமல், வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.