வாத்தியாரின் பிரவுசர்

...இல்லை, பாஸ்வேர்டுகளைச் சேர்த்து வைத்துத் தானே நிரப்பித் தருகிற பெட்டகம் திறந்துதான் இருக்கிறது, பூட்டு பச்சையாகக் காட்டுகிறதே, பிறகு ஏன் இந்தப் பிரவுசர் மட்டும் "இணைக்க முடியவில்லை, இணைக்க முடியவில்லை" என்று ஒரே பாட்டைப் பாடுகிறது? பக்கத்து நாற்காலியில் வாத்தியார் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு திரையையே பார்க்கிறார். வாத்தியார் என்றால் என் வீட்டுக்காரர்தான், கணக்கு வாத்தியார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து நரம்பில் அடிபட்டதிலிருந்து அந்தக் கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, இடது கையின் ஒற்றை விரலால்தான் எல்லாம். பத்து மணிக்கு ஆன்லைன் வகுப்பு, விபத்துக்குப் பிறகு முதல் வகுப்பு. பாஸ்வேர்டு சில தடவை தப்பானால் பள்ளியின் தளம் பூட்டிக்கொள்ளும், பாஸ்வேர்டோ நான் வைத்தது, எழுத்தும் எண்ணும் குறியுமாக ஒரு முழ நீளம், அதை ஒற்றை விரலால் யார் தப்பில்லாமல் அடிப்பது? இத்தனை நாளும் எதற்கென்றாலும் நான் அடித்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை என் விடுப்பு முடிகிறது... அப்புறம்? "எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம் சார்" என்று தலைமையாசிரியை போனில் சொன்னது அவர் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. பெண்டாட்டி வந்து உள்ளே விட்டால்தான் பாடம் என்று ஆகிவிட்டால், வகுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று இவரே சொல்லிவிடுவார், இவரை எனக்குத் தெரியாதா.

கல்லூரியில் நூறு கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிறவள், சொந்த வீட்டில் ஒன்றிடம் முழி பிதுங்கி நிற்கிறேன், வெட்கக்கேடு. பெட்டகத்தின் அமைப்புகளில் பிரவுசருக்கு நேராக டிக் இருக்கிறது, இருந்தது, நேற்றும் இருந்தது. பெட்டகத்துக்காகப் பிரவுசரில் செருகின நீட்சியை எடுத்துவிட்டு மறுபடி போட்டாயிற்று, எல்லாவற்றையும் மூடித் திறந்தாயிற்று... இரு, இந்தப் பிரவுசரை எங்கிருந்து போட்டேன்? ஆப் ஸ்டோரிலிருந்து. அப்படியென்றால் இது சாண்ட்பாக்ஸ் ஜாதி, தனக்கென்று ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது, வெளியே என்ன நடந்தாலும் அதன் கண்ணில் படாது. நல்லதற்குத்தான், கண்ட கண்ட பக்கத்திலிருந்து ஏதாவது நுழைந்தாலும் அந்தப் பெட்டியோடு நிற்கும். ஆனால் பெட்டகம் பாவம், என்னை இப்படிக் கூப்பிடு என்று ஒரு குறிப்புக் கோப்பை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறது, பிரவுசரோ தன் சொந்த ஃபோல்டரைத் தவிர எங்கும் எட்டிப்பார்ப்பதில்லை. வீடு மாறிப் போனவருக்குப் பழைய முகவரியிலேயே தபால் போட்டுக்கொண்டிருந்தால் எப்படிப் போய்ச் சேரும்?

"பெட்டி இல்லாத பிரவுசரைப் போட்டா சரியாகிடுமா?" என்கிறார், நான் விளக்கினதைக் கேட்டுவிட்டு. "ஆகிடும். ஆனா நீங்க சேர்த்து வச்ச பக்கமெல்லாம்..." "அது போனா போகுது, விடு." "இருங்க வாத்தியாரே, பறக்காதீங்க, நான் பாத்துக்கறேன்." பாத்துக்கறேன்... ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் சேர்த்து வைத்த பக்கங்களை மாற்றிக் கொடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும், ஒரு காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. இந்த வாரம் முழுக்கவே, நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றுதான் இழுத்தடித்திருக்கிறேன். சட்டைப் பொத்தானை அவர் தானே போடப் பழக வேண்டும் என்று பிசியோதெரபிக்காரர் சொன்னபோதும் இப்படித்தான், "டைம் ஆகுதுங்க, நானே போட்டுடறேன்"... டைம் எங்கே ஆனது, அவருக்குப் போக எந்த இடமும் இல்லையே அப்போது.

சரி, யோசனை அப்புறம், மணி ஓடுகிறது. குறிப்புக் கோப்பையும், பெட்டகத்துக்கும் பிரவுசருக்கும் நடுவே தூது போகிற சின்ன நிரலையும் பெட்டிக்குள்ளேயே நகலெடுத்து வைக்கிறேன், குறிப்பில் பாதையைத் திருத்துகிறேன், பெட்டகத்தோடு பேச மட்டும், அந்த ஒரே ஒரு வழிக்கு மட்டும், அனுமதி. பிரவுசரை மூடுகிறேன், பின்னால் ஒளிந்து ஓடிக்கொண்டிருப்பதையும் சேர்த்து. திறக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு... வந்துவிட்டது! ஒரு சின்னக் கட்டம், புதிய இணைப்பு வந்திருக்கிறது, இதற்கு ஒரு பெயர் கொடுங்கள் என்கிறது. என் கை தானாகக் கீபோர்டுக்குப் போகிறது, அவர் இடது கையால் என் கையை மெதுவாக நகர்த்துகிறார். "நான் அடிக்கறேன்மா." அடிக்கிறார், எழுத்து எழுத்தாகத் தேடி, ஒன்று தப்பி, அழித்து, திரும்ப... போன ஞாயிற்றுக்கிழமை நான் வெட்டிவிட்ட நகம். என் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அது சும்மா இருக்காது. அனுமதி என்று அவரே அழுத்துகிறார். பள்ளியின் தளத்தைத் திறக்கிறார், கட்டங்களில் பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத் தானே நிரம்புகிறது, ஒரே தட்டு. "ஏய், உள்ள போயிட்டேன்டி!" இவ்வளவு பலமாக அவர் பேசி எத்தனை நாள் ஆயிற்று... கண் கரிக்கிறது, சந்தோஷம்தான், சந்தோஷம் இல்லாமல் வேறென்ன.

கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடக்கிறது. நான் சமையலறையில், கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டு... குழந்தைகள் ஒரே குரலாக "சார்" என்று கத்தினது இங்கே வரைக்கும் கேட்டது. ஆரம்பத்தில் என்னைக் கூப்பிடவே கூசுவார், தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார், நான் பார்த்துவிட்டால் கோபம் வரும். அப்புறம் கோபம் போய், "இந்தாம்மா" என்று கூப்பிடப் பழகினார், ஒரு நாளைக்கு எத்தனை "இந்தாம்மா"... சில சமயம் வேலை முடிந்த பிறகும் கையை விடமாட்டார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு நேரம் ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் இருந்ததில்லை. விபத்தைப் போய் நல்லது என்று யாராவது சொல்வார்களா, வாயைக் கழுவ வேண்டும்... உள்ளே பேச்சு நின்றுவிட்டது. "அடடா, சைட் வெளிய தள்ளிடுச்சே" என்று அவர் முனகுவது கேட்கிறது. எப்போது ஓடினேன் என்று தெரியவில்லை, கைப்பிடியின் மேல் என் ஈரக்கை. உள்ளே ஒரே ஒரு தட்டு. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடி குழந்தைகள் சத்தம், "வந்துட்டேன் வந்துட்டேன், எங்க விட்டோம்?" என்று சிரிக்கிறார். அவர் கூப்பிடவே இல்லை. திங்கட்கிழமைக்கு மேல் தனியாக எப்படி இருப்பார், எப்படி இருப்பார் என்றுதான் ராப்பகலாகக் கவலைப்பட்டேன், நான் எப்படி இருப்பேன் என்று ஒரு தடவையாவது...