பிரின்ஸிபல் கூப்பிடவில்லை

என் வாப்பா எந்தச் சாமானையும் முதலில் சொன்ன விலைக்கு வாங்கியதே இல்லை. பண்டாரவளைக் கடைத்தெருவில் இத்ரூஸ் முதலாளி வருகிறார் என்றாலே மொத்த வியாபாரிகள் விலையைக் கூட்டிவைத்துக்கொள்வார்கள். விலையைக் கேட்பார், உதட்டைப் பிதுக்குவார், குடையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடப்பார். திரும்பிப் பார்க்கமாட்டார். யாராவது கூப்பிட்டே தீருவார்கள். துணி வாங்கினாலும் அப்படித்தான், கருவாடு வாங்கினாலும் அப்படித்தான். அக்கா ஜெனீராவுக்கு மாப்பிள்ளை பேசிய இடத்திலும் மனுஷர் எழுந்து நடந்துவிட்டார் என்று உம்மா இன்னமும் சொல்லிச் சிரிப்பாள். அப்பேர்ப்பட்டவரோடுதான் நான் பதுளைக்குப் போய்க் கல்லூரியில் இடம் கேட்கவேண்டியிருந்தது.

குதிரைக் கோச்சு வண்டி தெமோதரையைத் தாண்டியும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டைக் கழுத்துப் பட்டனைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். கேம்பிரிட்ஜ் ஜூனியர் பரீட்சையில் முதல் வகுப்பு, கணக்கில் விசேட சித்தி. அதைக் கேட்டால் எந்தக் கல்லூரியும் கதவைத் திறந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் பழைய பள்ளிக்கூடத்தின் தவணைப் புள்ளிகளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவற்றைப் பார்த்தால் திறந்த கதவைத் தாழ்ப்பாள் போட்டுச் சாத்துவார்கள். மூன்று தவணையிலும் நான் கடைசி வரிசை. பாதிப் பாடங்களுக்குப் பரீட்சை எழுதவே போகவில்லை.

போயிருந்தால்தானே எழுதுவதற்கு? தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போடும் வாரம் வந்தால் வாப்பா எங்கள் கடைத் துணியை மூட்டை கட்டிவிடுவார். நமுனுகுல மலைப் பக்கம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு நானும் கூடப் போகவேண்டும். சேலையை விரித்துக் காட்ட அவர், கணக்குச் சொல்ல நான். தவணைப் பரீட்சைகளும் பார்த்துப் பார்த்து அதே வாரத்தில் வந்து தொலைத்தன. கேம்பிரிட்ஜ் பரீட்சையின்போது மட்டும் பெருமழையில் மலைப்பாதை சரிந்து, வாப்பா கடையிலேயே முடங்கிக் கிடந்தார். அந்த மழை பெய்யாவிட்டால் எனக்கு அந்தச் சித்தியும் இல்லை.

கல்லூரி பிரின்ஸிபல் நெட்டையான வெள்ளைக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, வாப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கவேண்டிய கொடுமை எனக்கு வாய்த்தது. பரீட்சையில் இவ்வளவு எடுத்த பையன் பள்ளிக்கூடத்தில் ஏன் இப்படி என்று அவர் கேட்டார். கடை முதலாளியின் மகன் மூட்டையோடு லயம் லயமாகத் திரிந்தான் என்று துரையிடம் சொல்ல வாப்பாவுக்கு வெட்கம். உடம்புக்கு முடியாமல் போனதாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். என் கன்னங்களைப் பார்த்தாலே அது பொய் என்று தெரிந்திருக்கும்.

ஒரு பரீட்சையை மட்டும் நம்பி மேல் வகுப்பில் சேர்க்கமுடியாது, கீழ் வகுப்பில் மறுபடி ஒரு வருஷம் உட்காரட்டும், ஒழுங்காகப் படித்தால் பிறகு பார்க்கலாம் என்றார் பிரின்ஸிபல். எனக்கு அதுவே பெரிய காரியமாகப் பட்டது. அவசர அவசரமாகத் தமிழில் சொன்னேன். வாப்பா உதட்டைப் பிதுக்கினார். குடையை எடுத்தார்.

"வா மகன். திரும்பிப் பாக்காத."

பிரின்ஸிபல் மரியாதையாகத் தலையை அசைத்து விடைகொடுத்தார். விறாந்தையின் ஓரத்தில் வாப்பா நின்றுகொண்டார். பியூன் அழகையா அடுத்ததாக ஒரு தலைமைக் கங்காணியையும் அவர் மகனையும் உள்ளே அனுப்பினான். இன்றைக்கு இவர்களோடு சரி, மணி அடித்ததும் துரை பங்களாவுக்குப் போய்விடுவார் என்றும் சொன்னான். விறாந்தையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். அவர் கூப்பிடமாட்டார், இது கடையில்லை என்று எத்தனை விதமாகச் சொல்லியும் வாப்பா அசையவில்லை. சரக்கு நல்ல சரக்கு, கூப்பிடாமல் எங்கே போவார் என்றார். சரக்கு என்றது என்னைத்தான்.

கங்காணி சிரித்த முகத்தோடு மகனைத் தட்டிக்கொடுத்தபடி வெளியே வந்தார். அழகையா ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தான். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, வாப்பாவைக் கேட்காமலே உள்ளே ஓடினேன். பிரின்ஸிபல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். கீழ் வகுப்பே போதும் என்று கெஞ்சினேன். உன் தகப்பன்தான் வேண்டாமென்று போய்விட்டாரே, அவர் வந்து சம்மதம் சொல்லட்டும் என்றார்.

நான் வெளியே வந்ததும் வாப்பாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? கூப்புட்டுட்டாரு."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் உள்ளே போய் மேல் வகுப்புக்குப் பேரத்தைத் தொடங்கியிருப்பார். என் இடம் அதோடு போயிருக்கும். வாப்பாவை இப்படி நோகடிக்கவேண்டியிருக்கிறதே என்றிருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"கூப்புடல்ல வாப்பா. நானாப் போய்க் கெஞ்சினேன். அவருக்கு நான் தேவையில்ல. எனக்குத்தான் இந்த எடம் வேணும்."

அவர் முகம் வெளிறிப்போயிற்று. குடைப்பிடியைத் திருகிக்கொண்டே முற்றத்தைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த அடி விழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. பின்னாலேயே ஓடினேன். வாப்பா துரையைப் பார்த்து நின்றபடி என்னிடம் பேசினார்.

"தொரக்கிட்டச் சொல்லு மகன். இவனுக்கு உடம்புக்கு ஒண்டுமில்ல. துணி விக்க லயம் லயமாக் கூட்டிட்டுப் போனது நான். பள்ளிக்கூடத்துல கொறஞ்ச புள்ளியெல்லாம் என்ட. பரீட்சையில எடுத்தது மட்டுந்தான் அவன்ட. எந்த வகுப்புக் குடுத்தாலும் சரி எண்டு சொல்லு."

அதையும் ஆங்கிலத்தில் சொல்லவேண்டியவன் நான்தானே. துணி விற்றதுவரை சொல்லிவிட்டேன். அதற்குமேல் போகாமல் வாப்பாவின் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரின்ஸிபல் என்னையும் வாப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். எனக்கு ஆங்கிலம் வராமல் போய்விட்டது என்று வாப்பா பயந்துவிட்டார் போலும். முழங்கையால் என்னை இடித்தார்.

"எல்லாத்தையும் சொல்லு. ஒண்டையும் விடாத."

அழுதுகொண்டே சொன்னேன். பிரின்ஸிபல் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பேனாவை எடுத்து, கீழ் வகுப்பில் என் பெயரை எழுதிக்கொண்டார்.